இன்ஜின் மூச்சுக்கு ஒரு டப்பா

என் கார் இன்ஜினின் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மெக்கானிக் பாய் கைப்பேசி டார்ச்சை உள்ளே அடித்தார். "எட்டிப் பாரு தம்பி" என்றார்.

பார்த்தேன். சிலிண்டருக்கு இரண்டு என்று மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து ஆறு இன்டேக் வால்வுகள். ஒல்லியான தண்டு கீழே போகப் போக ஊமத்தம்பூ மாதிரி விரிந்து, வழுவழுவென்று இருக்க வேண்டும். என் காரில் தண்டும் தெரியவில்லை, பூவும் தெரியவில்லை. அடிப்பிடித்துக் கருகிய பால் சட்டி போல ஒரே கறுப்புப் பொருக்கு. பாய் ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டினார். மேலே தார் மாதிரி பிசுபிசுப்பு, உள்ளே ஓடு மாதிரி கெட்டி. கொஞ்சம் வாங்கி விரல்களுக்கு நடுவே தேய்த்தேன், நறநறத்தது.

கார் அப்போது 52,000 கி.மீ. ஓடியிருந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் இன்ஜின், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ உண்டு, நேரடி இன்ஜெக்‌ஷன். சர்வீஸ் ஒன்றுகூட நான் தள்ளிப்போட்டதில்லை, ஆயிலும் நல்ல ஆயில்தான். ஆனாலும் சில மாதங்களாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் குலுங்கும். ஏசி போட்டு சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம். ஸ்பார்க் பிளக் மாற்றினேன், காயில் மாற்றிப் பார்த்தேன். கடைசியில்தான் தண்டையார்பேட்டையில் பாயின் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

பாய் கார் மெக்கானிக்காக ஆரம்பித்தவர் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பார்த்தவர். எண்ணூர் அசோக் லேலண்டின் லாரி இன்ஜின்தான் கடலுக்கு ஏற்ற மாதிரி மாறி எத்தனையோ படகுகளில் ஓடுகிறது. அதனால் அவர் எந்த இன்ஜினைப் பற்றிப் பேசினாலும் ஒரு படகு வந்துவிடும். அன்றும் வந்தது. "போட் இன்ஜின்ல சைடுல ஒரு பைப் தொங்கும், பாத்துக்கீறியா? அதுலேர்ந்து சொட்டு சொட்டா ஆயில் வடியும், புகை வரும். இன்ஜின் மூச்சு வுடுது. உன் வண்டியிலயும் அதே மூச்சுதான். வெளிய வுடாம உள்ளயே குடிக்க வச்சிட்டான். அவ்ளோதான் மேட்டரு."

அவர் சொன்னதை விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மூச்சில் வரும் ஆயிலை வழியிலேயே பிடித்து வைக்கும் டப்பாவான கேட்ச் கேன் பற்றிய எல்லாமே இதில்தான் இருக்கிறது. பிஸ்டனைச் சுற்றி ரிங் போட்டிருந்தாலும் நூற்றுக்கு நூறு அடைப்பு என்பது கிடையாது. ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் கொஞ்சம் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே, கிராங்க் சுற்றும் அறையான கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். இதைத்தான் ப்ளோ-பை என்கிறார்கள். புது இன்ஜினிலும் உண்டு, பழையதில் அதிகம். அந்த வாயுவில் பாதி எரிந்த பெட்ரோல் இருக்கும், புகைக்கரி இருக்கும், நீராவி இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது என்பதைப் பலர் யோசித்திருக்க மாட்டார்கள். பெரும்பகுதி சைலன்ஸர் வழியாக ஆவியாகப் போய்விடும், ஒரு சிறு பங்கு கீழே இறங்கும். அங்கே கிராங்க் சுற்றும் வேகத்தில் ஆயில் பனிமூட்டம் மாதிரி தெறித்துக்கொண்டிருக்கும். இரண்டும் கலந்துவிடும்.

இந்த வாயு எங்கேயாவது போயாக வேண்டும். அடைத்து வைத்தால் அழுத்தம் ஏறி ஆயில் சீலைப் பிதுக்கிக்கொண்டு வரும். அந்தக் காலத்தில் ஒரு குழாய் வைத்து ரோட்டிலேயே விட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைப் புகைமூட்டம் மூடியபோது, அதில் கார்களின் இந்த மூச்சுக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தது. 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் அதைத் திருப்பி இன்ஜினுக்குள்ளேயே அனுப்பி எரிக்கும் பிசிவி வால்வு வந்தது. இன்று நம் ஊர் விதியும் அதுதான்: பெட்ரோல் காரின் கிராங்க் கேஸ் வாயு வெளியே வரக் கூடாது.

நல்ல ஏற்பாடுதான். முன்பெல்லாம் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் பீய்ச்சப்பட்டது. வாயுவோடு வந்து ஒட்டும் ஆயிலை அந்தப் பெட்ரோலே கழுவிக்கொண்டு போனது. நேரடி இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் சிலிண்டருக்குள் நேராகப் போகிறது. வால்வின் முதுகுக்குக் குளியலே கிடையாது. வந்து ஒட்டும் ஆயில் வால்வின் சூட்டில் கருகுகிறது, அதன் மேல் அடுத்தது ஒட்டுகிறது. 52,000 கி.மீ. இப்படி ஓடினால் கிடைப்பதுதான் நான் பார்த்த பால் சட்டி.

சுத்தம் செய்ய இரண்டு நாள் ஆனது. வால்நட் ஓட்டைப் பொடித்துக் காற்றழுத்தத்தில் அடித்து உரிக்கும் முறை ஒன்று உண்டு, பாயிடம் அந்த மிஷின் இல்லை. கையால்தான் செய்தார். கிராங்கைத் திருப்பி, ஒரு சிலிண்டரின் இன்டேக் வால்வு இரண்டும் முழுக்க மூடியிருக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, கிளீனரை ஊற்றி ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, கறுப்புத் தண்ணீரை உறிஞ்சியெடுத்து, மறுபடி ஊற்றி. மூடாத வால்வில் ஊற்றினால் எல்லாம் சிலிண்டருக்குள் போய்விடும் என்பதால் ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை சரிபார்த்தார். ஷெட்டில் இருந்த பனியன் வேஸ்ட் அரை மூட்டை தீர்ந்தது. மூன்றாவது நாள் காலையில் ஸ்டார்ட் செய்தபோது அந்தக் குலுக்கல் இல்லை.

அப்போதே முடிவு செய்தேன், கேட்ச் கேன் மாட்டுவது என்று.

மாட்டுவதற்கு முன் ஒரு விஷயம் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. டர்போ காரில் இந்த மூச்சுக்கு இரண்டு வழி. டர்போ தள்ளாத நேரத்தில், அதாவது ஐட்லிங்கிலும் மெதுவாகப் போகும்போதும், மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் இருக்கும். அது டேப்பெட் கவரில் இருக்கும் பிசிவி வால்வு வழியாக வாயுவை இழுத்துக்கொள்ளும். ஆக்ஸிலேட்டரை மிதித்து டர்போ காற்றைத் தள்ள ஆரம்பித்தால் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் ஏறிவிடும், பிசிவி வால்வு மூடிக்கொள்ளும். அப்போது வாயு இன்னொரு ஹோஸ் வழியாக டர்போவுக்கு முன்னால் இருக்கும் காற்றுக் குழாய்க்குப் போகும். அங்கிருந்து டர்போ, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், அப்புறம் மேனிஃபோல்டு. இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தால் ஆயில் வடிவது இதனால்தான். டர்போ போய்விட்டது என்று பயப்படுகிறவர்கள் முதலில் இதை நினைத்துப் பார்க்கலாம்.

அதனால் ஒரே டப்பாவை ஒரு வழியில் மாட்டினால் பாதி வேலைதான் நடக்கும். எந்தப் பாதி வேண்டும் என்பதை நம் ரோடு சொல்லும். நான் இருப்பது திருவொற்றியூரில், வேலை மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில். ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வரிசை நின்றுவிட்டால் ஏசியோடு முக்கால் மணி நேரம் ஊர்வேன். டர்போவுக்கு அங்கே வேலையே இல்லை. வரிசை நிற்காத நாளில் ஆயில் முழுசாகச் சூடேறுவதற்குள் ஆபீஸ் வந்துவிடும், அதில் கலந்த தண்ணீர் ஆவியாகிப் போக நேரமே கிடைக்காது. மாதத்துக்கு ஒருமுறை காஞ்சிபுரத்தில் மாமியார் வீட்டுக்குப் போகும்போதுதான் மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் வண்டி நிஜமாக மூச்சு வாங்கும். ஆக எனக்கு முக்கியம் பிசிவி வழி. பாயும் அதையே சொன்னார். தினமும் ஈசிஆரில் 100 கி.மீ. வேகத்தில் போகிறவர் என்றால் கணக்கு வேறு.

டப்பாவை ஆன்லைனில் 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். பார்க்க அழகாக இருந்தது. பாய் மூடியைத் திருகித் திறந்து உள்ளே விரலை விட்டுத் துழாவினார். ஒன்றுமே இல்லை, வெறும் கிண்ணம். இந்தப் பக்கம் நுழையும் வாயு அந்தப் பக்கம் அப்படியே வெளியே போய்விடும், ஆயில் துளி எதில் மோதி நிற்கும்? உள்ளே தடுப்புத் தகடு வேண்டும், துளிகள் ஒன்றாகச் சேர்ந்து கனத்து விழுவதற்கு ஒரு வலை வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைத் திணிக்கலாமா என்று கேட்டேன், பலர் அப்படிச் செய்வதைப் பார்த்திருந்தேன். பாய் கோபப்பட்டார். "அந்த நாரு ஒரு இழை பிச்சிக்கினு போச்சுன்னா எங்க போவும்? நேரா சிலிண்டருக்குத்தான். ஆயிலுக்குப் பயந்து இரும்பக் குடுப்பியா?"

பக்கத்து லேத் பட்டறையில் அலுமினியத் தகட்டை வட்டமாக வெட்டித் துளை போட்டு, டப்பாவின் உட்சுவரில் ஆர்கான் வெல்டிங் வைத்தார்கள். நுழையும் வழியை அந்தத் தகட்டுக்குக் கீழே வரை ஒரு சிறு குழாயாக நீட்டினார்கள். மேலே, பிரியாத நெசவுள்ள எவர்சில்வர் வலையைச் சுருட்டி, நகராமல் பூட்டினார்கள். அடியில் ஒரு வடிகால் குழாயும் பித்தளைத் திருகும். டப்பாவின் விலைக்குக் கொஞ்சம் கீழேதான் இந்த வேலையும் வந்தது. கொடுத்த காசுக்கு மனதார நியாயம் சொல்வேன்.

ஹோஸில்தான் தவறு செய்தேன். டப்பாவின் முனை ஐந்து நூல் அளவு. மண்ணடியில் அந்த அளவு ஹோஸ் ஒரு கடையில் கறுப்பாக, மிருதுவாக, வளைக்கச் சுலபமாகக் கிடைத்தது. வாங்கி மாட்டிவிட்டோம். கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்குப் பக்கத்தில் காற்று படும் இடத்தில் பிராக்கெட் அடித்து டப்பாவை நிறுத்தினோம். டப்பா எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு ஆவி அதில் துளியாகும். டர்போ, சைலன்ஸர் பக்கம் வைத்தால் சேர்ந்ததும் மறுபடி ஆவியாகிப் போகும்.

இரண்டு வாரம் கழித்து வடிகாலைத் திறந்தேன், ஒரு சொட்டு. நான்கு வாரம் கழித்து, அதே ஒரு சொட்டு. இன்ஜின் அவ்வளவு சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், வீட்டிலும் சொன்னேன். ஆறாவது வாரம் ஏர் ஃபில்டர் மாற்றும்போது டர்போவுக்கு முன்னால் இருக்கும் குழாயில் கை வைத்தேன். உள்சுவர் முழுக்க ஆயில். முன்பு அங்கே இவ்வளவு ஈரம் இருந்ததில்லை.

பாய் இன்ஜினை ஓட விட்டு டப்பாவிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸை விரலால் காட்டினார். அது தட்டையாக, உறிஞ்சிய பெப்சி ஐஸ் கவர் மாதிரி ஒட்டிக்கிடந்தது. இன்ஜினை அணைத்ததும் மெல்ல உப்பி உருண்டையானது. தண்ணீருக்கான ரப்பர் அது. ஆயில் பட்டு ஊறி மிருதுவாகி, வெற்றிடத்துக்குத் தாங்காமல் மூடிக்கொண்டுவிட்டது. பிசிவி வழி அடைபட்டதும் எல்லா வாயுவும் டர்போ பக்கம் திரும்பிவிட்டது. ஆறு வாரமும் நான் தடுக்க நினைத்ததையே வேறு வாசல் வழியாக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். டப்பா காலியாக இருப்பதை யாரும் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள்.

நைட்ரைல் ரப்பரில், உள்ளே நூல் பின்னல் வைத்த, ஆயிலுக்கும் வெற்றிடத்துக்கும் தாங்கும் ஹோஸ் வேண்டும். இரண்டாவது முறை அதைத்தான் கேட்டு வாங்கினேன், விலை மூன்று மடங்கு. வழியில் எங்கேயும் தொங்கிப் பள்ளம் விழாதபடி டப்பாவை நோக்கிச் சரிவாக ஓடவிட்டோம், பள்ளம் இருந்தால் அங்கே தண்ணீர் தேங்கி வழியை மறிக்கும். மேனிஃபோல்டு முனையில் ஒருவழி வால்வு ஒன்றும் சேர்த்தோம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டர்போ தள்ளும்போது மேனிஃபோல்டின் அழுத்தம் இந்த ஹோஸ் வழியாகத் திரும்பி டப்பாவரை வரும். மலிவு டப்பாவின் மூடி ஓ-ரிங் அதற்குத் தாங்காது, காற்று கசியும். அதே ஓட்டையில் ஐட்லிங்கில் கணக்கில் வராத காற்று உள்ளே போகும், செக் இன்ஜின் விளக்கு எரியும்.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது கார் பிரியரான ஒரு நண்பர் வந்தார். "இவ்வளவு சிரமம் எதுக்கு? ஹோஸ் ரெண்டையும் கழட்டி, தலையில சின்ன ஃபில்டர் வச்ச டப்பாவுல விட்டுடு. வெளியே போயிட்டுப் போகுது" என்றார். அப்படிக் கட்டிய வண்டிகள் நிறைய ஓடுகின்றன. ரேஸ் ஓடுகிறவர்கள் செய்வது அது. நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன். விதி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் குட்டி ஃபில்டர் வழியாக வருவது எரியாத பெட்ரோலும் ஆயில் ஆவியும். பாதி நேரம் அது ஏசி வழியாக காருக்குள்ளேயே வரும். மீதி நேரம் பக்கத்தில் பைக்கில் நிற்கிறவர் மூக்குக்குப் போகும். மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவில் வாழ்கிறவர்களுக்கு மூச்சைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி ஜன்னலை மூடிவிட்டுப் படுக்கும் தெருக்கள் இவை. என் இன்ஜினின் வால்வு சுத்தமாக இருப்பதற்காக இந்தக் காற்றில் இன்னொரு துளி சேர்க்க எனக்கு மனம் வராது. டப்பாவில் வடிகட்டிய வாயு திரும்ப இன்ஜினுக்குள் போய் எரிய வேண்டும், அதுதான் சரியான கட்டுமானம்.

புது ஹோஸ் போட்ட பிறகு டப்பாவில் சேர ஆரம்பித்தது. பையனின் இருமல் மருந்துடன் வந்த 10 மில்லி மூடியை இதற்கென்றே எடுத்து வைத்திருக்கிறேன். மே மாதத்தில் 1,000 கி.மீ.க்கு இரண்டு மூடி, கெட்டியான கறுப்பு ஆயில், பெட்ரோல் வாசனையுடன். நவம்பர், டிசம்பர் மழையில் நான்கு, ஐந்து மூடி. ஆனால் நிறம் வேறு. பால் கலந்த காபி நிறத்தில், நுரைத்த குழம்பாக வரும். முதல்முறை பார்த்தபோது ஹெட் கேஸ்கட் போய் கூலன்ட் கலந்துவிட்டதோ என்று வயிறு கலங்கியது. கூலன்ட் அளவு ஒரு பொட்டு குறையவில்லை. அது வெறும், பெட்ரோல் எரிந்து பிறந்த தண்ணீரும் ஆயிலும் சேர்ந்து அடித்த குழம்புதான். குறுகிய ஓட்டம், குளிர்ந்த இன்ஜின், ஈரக்காற்று மூன்றும் சேர்ந்தால் வருவது. கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் அடியில் தெளிவில்லாத தண்ணீர் ஒரு விரல் தடிமன், மேலே ஆயில், நடுவே அந்தப் பால் அடுக்கு. இத்தனையும் போன வருடம் என் வால்வுக்குப் போனது.

டப்பா நிரம்பும்வரை விட்டுவிட்டால் மாட்டாமலேயே இருந்திருக்கலாம். நிரம்பிய டப்பாவிலிருந்து திரவம் மேனிஃபோல்டுக்குள் இழுக்கப்படும். திரவம் பிஸ்டனுக்கு மேலே அமுங்காது, ஒரே மடக்காக நிறையப் போனால் கனெக்டிங் ராடுகூட வளைந்துவிடலாம். அதனால் கோடையில் 2,000 கி.மீ.க்கு ஒருமுறை, மழைக்காலத்தில் 1,000 கி.மீ.க்குள் வடித்துவிடுகிறேன். இதற்கு நேரம் ஒதுக்க முடியாதவர்கள் கேட்ச் கேன் மாட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. வாரன்டி முடியாத வண்டி என்றாலும் வேண்டாம், வம்பு வந்தால் டப்பாவைத்தான் முதலில் காட்டுவார்கள்.

வடித்ததை என்ன செய்வது? இதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. வீடியோக்களில் டப்பாவைத் திறப்பார்கள், கறுப்பாக வடியும், கேமரா அங்கேயே நின்றுவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது. எங்கள் உறவினர் ஒருவர் வீடு எர்ணாவூரில். தண்ணீர் வடிந்த பிறகு போனேன். சுவரில் இடுப்பளவில் ஒரு கறுப்புக் கோடு, தண்ணீர் நின்ற மட்டம். கதவு, கிரைண்டர், பாட்டியின் மரப்பெட்டி எல்லாவற்றிலும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் ஓடியது. சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. முகத்துவாரத்தில் மீனவர்கள் மக்கையும் வாளியையும் வைத்துத் தண்ணீரின் மேலிருந்த எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அலையாத்திச் செடிகளின் வேர் முழுக்கக் கறுப்பு. எல்லாம் காய்ந்த பிறகும் பல வாரம் அந்த வாடை இருந்தது. கிட்டத்தட்ட என் டப்பாவில் வருகிற வாடைதான்.

அதன் பிறகு 20 மில்லியைக்கூட சாக்கடையில் ஊற்ற எனக்குக் கை வரவில்லை. எங்கள் தெருச் சாக்கடை பக்கிங்காம் கால்வாய்க்கு, அது முகத்துவாரத்துக்கு. வடித்ததைப் பழைய ஆயில் கேனில் சேர்த்து வைக்கிறேன். அடுத்த ஆயில் சர்வீஸுக்குப் போகும்போது பாய் ஷெட்டில் இருக்கும் வேஸ்ட் ஆயில் பேரலில் கொட்டிவிடுவேன். மறுசுத்திகரிப்புக்கு எடுத்துப்போகும் வண்டி அங்கே வரும். பழைய ஆயில் சட்டப்படியே அபாயக் கழிவுதான். துடைத்த பனியன் வேஸ்டும் அதே கணக்கு.

பலன் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: மைலேஜ் மாறவில்லை, இழுவையும் மாறவில்லை. அப்படி மாறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆயில் துளி கலந்த காற்று பெட்ரோலின் ஆக்டேனை, அதாவது தானாக வெடிக்காமல் தாங்கும் திறனைக் குறைத்து, நாக்கிங் என்னும் தட்டலைக் கூட்டும் என்பது உண்மை, ஆனால் என் ஊர்ந்த ஓட்டத்தில் அதை உணரும் அளவுக்கு எதுவும் நடப்பதில்லை. நான் பார்த்தது வால்வை மட்டும்தான். கைப்பேசியில் செருகும் எண்டோஸ்கோப் கேமரா ஒன்று வாங்கி, 71,000 கி.மீ.யில், காற்று நுழையும் வாயான த்ராட்டில் பாடியைக் கழற்றி உள்ளே விட்டுப் பார்த்தோம். 19,000 கி.மீ. ஓட்டத்துக்குப் பிறகு ஐந்து வால்வுகளில் தண்டு தெரிகிறது, மேலே தேநீர்க் கறை மாதிரி ஒரு மெல்லிய பழுப்பு. சுரண்டும் அளவுக்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது சிலிண்டரில் ஒரு வால்வு மட்டும் மற்றதைவிடக் கறுப்பாக, கொஞ்சம் ஈரமாக இருக்கிறது. பாய் திரையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது மூச்சு இல்ல தம்பி, வால்வு சீலு. மேலேர்ந்து தண்டு வழியா இறங்குது" என்றார். அதற்கு டப்பா உதவாது. அடுத்த மாதம் டேப்பெட் கவரைத் திறந்து அந்தச் சீலைப் பார்க்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.